பிரிக்காத உறைக்குள் இருப்பது முதல் பதிப்புதானா? பேவ்மென்ட் தட்டு வாங்குபவருக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். அமெரிக்க ராக் இசைக் குழுவான பேவ்மென்ட்டின் 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' பாட்டை ஸ்ட்ரீமிங்கில் தற்செயலாகக் கேட்டு, அதிலிருந்து மற்றவற்றுக்குப் போய், இப்போது முதல் ஆல்பமான 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்'டை வினைல் தட்டாக வாங்க நினைக்கிறீர்கள். இணையத்தில் ஒருவர் '1992 முதல் பதிப்பு, பிளாஸ்டிக்கூடப் பிரிக்காதது' என்று போட்டிருக்கிறார். விலை, புதிய மறுபதிப்பின் விலையைப் போலப் பல மடங்கு. அது அசல்தானா, அசலாக இருந்தால் ஒலி அந்த அளவுக்கு உயர்வாக இருக்குமா, குழு புதிய ஆல்பம் போடப்போகிறது என்று ரசிகர்களிடையே உலவும் செய்தி உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரே கேள்விதான்: விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்? என் பதில், எதுவும் கொடுக்க வேண்டாம் என்பது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்ததற்கு மட்டும் பணம் கொடுங்கள். பழைய தட்டுகளை வாங்கித் தரம் பிரித்து விற்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறிய எச்சரிக்கை. உங்களை இழுத்துவந்த அந்தப் பாட்டு நீங்கள் வாங்கப்போகும் தட்டில் இல்லை. 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' 1997-இல் வந்த 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' ஆல்பத்துக்கான பதிவின்போது எடுக்கப்பட்டு, அதில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டது. பிறகு 1999-இல் 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' என்ற, சில பாட்டுகளே கொண்ட சிறு தட்டில் இடம்பெற்றது. ஸ்ட்ரீமிங் தளத்தின் தானியங்கிப் பரிந்துரை அதைத் தூக்கிவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து அதைக் குழுவின் மிக அதிகம் கேட்கப்பட்ட பாட்டாக்கிவிட்டது. அந்தச் சிறு தட்டு 2022-இல் மறுபடி அச்சாகியது. அதைக் கேட்டுவிட்டு 1992 ஆல்பத்துக்குப் போகிறவர்களுக்குச் சிறிய அதிர்ச்சி காத்திருக்கிறது. முதல் ஆல்பத்தின் பேவ்மென்ட் கரடுமுரடானது. கிட்டார்கள் இரைகின்றன, குரல் கூட்டத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் முழு ஆல்பத்தையும் இரண்டு முறையாவது கேட்காமல் அசல் பதிப்புக்கு விலை பேசாதீர்கள்.

குழுவின் வரலாறு, தட்டு வாங்குபவருக்கு வேண்டிய அளவில் இதுதான். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்தில் ஸ்டீபன் மால்க்மஸும் ஸ்காட் கன்பெர்கும் 1989-இல் தொடங்கியது. அதே ஊரில் கேரி யங் தன் வீட்டில் வைத்திருந்த ஸ்டுடியோவில் முதல் பதிவுகள் நடந்தன. அவரே டிரம்ஸும் வாசித்தார். முதல் வெளியீடு 'ஸ்லே டிராக்ஸ்' என்ற ஏழு அங்குலத் தட்டு. தங்கள் சொந்த வெளியீட்டு நிறுவனத்தின் பெயரில் 1000 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். அதன் பின் டிராக் சிட்டி நிறுவனத்தில் 1990-இல் ஏழு அங்குலத்தில் ஒன்று, 1991-இல் பத்து அங்குலத்தில் ஒன்று. 1992 ஏப்ரலில் நியூயார்க்கின் மேட்டடார் நிறுவனம் 'ஸ்லான்டட் அண்ட் என்சான்ட'டை வெளியிட்டது. பதிவு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அது கேசட்டில் நகலெடுக்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் பத்திரிகைக்காரர்கள் வரை போயிருந்தது. பிரிட்டனில் அதே ஆண்டு பிக் கேட் என்ற நிறுவனம் வெளியிட்டது. ஆகவே '1992 அசல்' என்பதே ஒரு தட்டு அல்ல. அமெரிக்க அசல் ஒன்று, பிரிட்டன் அசல் ஒன்று. விற்பவர் எதைச் சொல்கிறார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனி அடையாளம் காண்பது. பலரும் பட்டியல் எண்ணை, அதாவது நிறுவனம் தன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரும் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மேட்டடாரின் எண்கள் ஓ.எல்.ஈ. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். சேர்த்துப் படித்தால் காளைச் சண்டைத் திடலில் எழும் 'ஓலே' என்ற கூச்சல். இந்த ஆல்பத்தின் எண் 038. ஆனால் மறுபதிப்புகளும் பெரும்பாலும் பழைய எண்ணையே சுமந்து வரும் என்பதால், எண் ஆல்பத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. உறையில் இருக்கும் 1992 என்ற ஆண்டும் அப்படியே. அது பாட்டின் உரிமை ஆண்டு, தட்டு அச்சான ஆண்டு அல்ல. கோடு கோடாக உள்ள பார்கோடு இருப்பதும் இல்லாததும்கூட இங்கே சாட்சி ஆகாது, ஏனென்றால் 1992 அமெரிக்க வெளியீடுகளில் பார்கோடு சாதாரணமாகிவிட்டிருந்தது.

உண்மையான சாட்சி தட்டிலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடுவே ஒட்டிய சீட்டுக்கும் இடையில் பளபளப்பான ஒரு வளையம் தெரியும். சேகரிப்பவர்கள் அதை ரன்-அவுட் என்பார்கள். அதில் கையால் கீறியோ அச்சால் குத்தியோ எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றங்கள் நடக்காது. மூலப் பதிவிலிருந்து அரக்குப் பூசிய அலுமினியத் தகடு ஒன்றில், ஊசி ஓடவேண்டிய பள்ளத்தை வெட்டுகிறார்கள். வெட்டியவர் அந்தத் தகட்டின் வெற்றிடத்தில் எண்ணையும் சில நேரங்களில் தன் பெயரெழுத்தையும் கீறுகிறார். அந்தத் தகட்டின் மேல் வெள்ளிப் படலம் ஏற்றி, நிக்கல் படியவைத்து, உரித்தெடுத்தால் எதிர்ப்பதிவு கிடைக்கும். அதிலிருந்து 'மதர்' என்ற நேர்ப்பதிவு, அதிலிருந்து 'ஸ்டாம்பர்' என்ற அச்சு. ஸ்டாம்பர் இரண்டுக்கும் நடுவே சூடான பி.வி.சி. கட்டியை வைத்து அழுத்தினால் தட்டு. ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டுகளுக்குப் பிறகு தேய்ந்துபோகும். பிறகு அதே மதரிலிருந்து இன்னொன்று செய்துகொள்ளலாம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன, இரண்டாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். ரன்-அவுட் எழுத்துகள் புதியவையாக இருந்தால், தட்டு புதிதாக வெட்டப்பட்ட மறுபதிப்பு, இது உறுதி. ஆனால் ரன்-அவுட் எழுத்துகள் 1992 தட்டோடு ஒத்துப்போனால் அது 1992-இல் அச்சானது என்று ஆகிவிடாது. பழைய மதர் பத்திரமாக இருந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்தே அச்சிட்டிருக்கலாம். சிறிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. விற்றுத் தீர்ந்ததும் இன்னும் சில நூறு அச்சிடுவது அவர்களுக்கு வழக்கம். ரன்-அவுட் சொல்வது எந்த வெட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும்தான். எப்போது அச்சானது என்பதை உறைதான் சொல்ல வேண்டும்.

உறையில் பார்க்க வேண்டியவை: நிறுவனத்தின் முகவரி, விநியோகஸ்தர் பெயர், நிறுவனச் சின்னத்தின் வடிவம், உள் உறையின் காகிதம். மேட்டடார் 1990களிலேயே முதலில் அட்லாண்டிக், பிறகு கேப்பிட்டல் என்ற பெரிய நிறுவனங்களோடு கூட்டு வைத்திருந்தது. 2002-இல் பெகர்ஸ் குழுமம் அதில் பங்கு வாங்கியது. ஆகவே உறையில் பெகர்ஸ் பெயரோ இணைய முகவரியோ கண்ணில் பட்டால் அது மறுபதிப்புதான், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. மற்ற குழுக்களின் தட்டுகளில், உறைப்படம் மங்கலாக இருந்தால் பழைய உறையை ஸ்கேன் செய்து அச்சிட்டது என்று கண்டுபிடிக்கலாம். இந்தக் குழுவிடம் அந்த வித்தை பலிக்காது. இந்த ஆல்பத்தின் உறையே ஃபெரான்டே, டைச்சர் என்ற பியானோ இரட்டையரின் பழைய ஆல்பம் உறையைக் கிறுக்கிக் கெடுத்துச் செய்தது. அசலே நகல்போல் இருக்கும்போது நகலை எப்படிக் கண்டுபிடிப்பது! ஆகவே படத்தை விடுங்கள். சின்னஞ்சிறு எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, புள்ளிகளாகச் சிதறியிருக்கிறதா என்பதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் விற்பனையாளரிடம் வருவோம். அவர் வைத்திருப்பது பிரிக்காத தட்டு. அதாவது மிக முக்கியமான சாட்சியான ரன்-அவுட்டை யாரும் பார்க்கவே முடியாது, அவர் உட்பட. அப்படியானால் 'முதல் பதிப்பு' என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார்? வெளி உறையையும், பிளாஸ்டிக் மேல் ஒட்டிய விளம்பர ஸ்டிக்கரையும் வைத்து. பிளாஸ்டிக் சுருக்கும் கருவி கடைகளில் சாதாரணமாக இருக்கும் பொருள். நான் வேலை செய்த இடத்தில்கூட ஒன்று இருந்தது, உறை கிழியாமல் காக்க அதைப் பயன்படுத்துவோம். பிரித்த தட்டை மறுபடி மூட அரை நிமிடம் போதும். இதனால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்கிறேன். பிரிக்காத பிளாஸ்டிக்கில் பழமையின் அறிகுறிகள் உண்டு: மூலைகளில் சிறு கிழிசல், காற்று வெளியேற இட்ட துளைகள், பழைய கடை விலைச்சீட்டு. ஆனால் இவை எல்லாம் ஊகம்தான். ஊகத்துக்கு முழு விலை கொடுக்கக் கூடாது.

பிரிக்காத தட்டு என்றால் புதிது என்று நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். சுருங்கிய பிளாஸ்டிக் முப்பது ஆண்டுகளாக உறையை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வெப்பமான அறையில் கிடந்திருந்தால் தட்டு வளைந்திருக்கக்கூடும். தொழிற்சாலையில் காகித உள் உறைக்குள் திணித்தபோது ஏற்பட்ட கீறல்களும் அப்படியே உள்ளே இருக்கும். அஞ்சலில் வரும்போது தட்டு உறைக்குள் ஆடி, உறையின் விளிம்பைப் பிளந்துவிடும். அதைத் தவிர்க்கத் தட்டை வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டுவார்கள். பிரிக்காத தட்டில் அதைச் செய்ய வழியில்லை. நீங்கள் பாட்டுக் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நன்றாகப் பராமரித்த, பிரித்த பிரதி எப்போதும் மேல். நம்பகமான ஒருவர் அதை முழுதாக ஓட்டிப் பார்த்துத் தரம் சொல்லியிருந்தால் இன்னும் மேல்.

தரம் என்றதும் ஒரு சொல். அமெரிக்காவில் கோல்ட்மைன் பத்திரிகை வகுத்த அளவுகோலையே பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். இதில் 'குட்' என்பது நல்லது அல்ல, கரகரக்கும் தட்டு. 'வெரி குட்' என்பதும் சத்தத்தோடுதான் ஓடும். உங்களுக்கு வேண்டியது வெரி குட் பிளஸ் அல்லது அதற்கு மேல். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் கேளுங்கள். கண்ணால் பார்த்து வைத்த தரமா, ஓட்டிக் கேட்டு வைத்த தரமா என்றும் கேளுங்கள். மெல்லிய மயிர்க்கோடுகள் பளிச்சென்று தெரிந்தும் காதுக்குக் கேட்காமல் போகலாம். கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும் தட்டு, தேய்ந்த ஊசியில் நூறு முறை ஓடி, உச்சக் குரலில் இரைவதும் உண்டு. புகைப்படத்தை வைத்து ஒலியைச் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே எனக்கு நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து நான் சொல்லும் எதையும் பதிப்பு பற்றிய கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, அசல் பதிப்பு நன்றாக ஒலிக்குமா என்பது. இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். உறுதியானது இது: புதிய ஸ்டாம்பரில் அச்சான தட்டு, தேய்ந்த ஸ்டாம்பரில் அச்சானதைவிடத் தெளிவாக இருக்கும். ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் அடைத்திருக்கிறார்கள் என்பது ஒலியைப் பாதிக்கும். நிமிடம் கூடக்கூடப் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். தட்டின் வெளிவட்டத்தில் ஊசி நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது; உள்வட்டத்தில் சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் நெரிசலாகக் கேட்கும். 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' மொத்தம் 39 நிமிடம் அளவில் முடிந்துவிடுகிறது. பக்கத்துக்கு இருபது நிமிடம் வினைலுக்கு வசதியான அளவு. எனவே அசலும் மறுபதிப்பும் இந்த விஷயத்தில் சமமாகவே தொடங்குகின்றன.

ஐயத்துக்குரியது, முதல் வெட்டில் ஏதோ உயிர் இருக்கிறது, பிறகு வந்தவற்றில் இல்லை என்ற நம்பிக்கை. மூல டேப் பழையதாகும்போது சிறிது இழக்கலாம் என்பது சரி. ஆனால் ஒரு வீட்டு ஸ்டுடியோவில், இரைச்சலை விரும்பியே சேர்த்துக்கொண்ட பதிவில் அந்த நுணுக்கத்தைத் தேடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், தன் விலையுயர்ந்த மறுபதிப்புகள் பலவற்றை வெட்டுவதற்கு முன் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம். அதுவரை அவற்றை முழு அனலாக், அதாவது டிஜிட்டலாக மாற்றாமல் டேப்பிலிருந்தே வெட்டியவை, என்று புகழ்ந்தவர்களில் மிகக் கூர்மையான செவி உடையவர்கள் என்று பேர் வாங்கியவர்களும் இருந்தார்கள். அந்தத் தட்டுகள் மோசமானவை அல்ல, நன்றாகவே ஒலித்தன. எது பழையது, எது அனலாக் என்பதைக் காது சொல்லும் என்ற நம்பிக்கைதான் அடிபட்டது. 180 கிராம் எடையும் அப்படித்தான். கனமான தட்டு வளையாமல் இருக்க உதவும், பள்ளத்துக்குள் இருக்கும் இசையை அது மாற்றாது. வண்ணத் தட்டு மோசம் என்பதும் பழைய பயம். பி.வி.சி.யின் இயல்பான நிறம் கறுப்பே அல்ல, கரித்தூள் சேர்த்துத்தான் கறுப்பாக்குகிறார்கள். படம் அச்சிட்ட தட்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவை உண்மையிலேயே இரையும்.

இந்த இடத்தில் சேகரிப்பவர்கள் பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் இந்த ஆல்பத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாங்கியது சி.டி.யும் கேசட்டும். வினைல் அப்போது வழக்கொழிந்துகொண்டிருந்தது, அதனால்தான் குறைவாக அச்சானது, அதனால்தான் இன்று விலை ஏறியிருக்கிறது. அந்த விலை அரிதாக இருப்பதற்கான விலை, இசைக்கான விலை அல்ல. அக்காலத்தின் உண்மையான வடிவம் வேண்டும் என்றால் சி.டி. வாங்குங்கள். அதைவிட, மேட்டடார் பின்னர் வெளியிட்ட விரிவுபடுத்திய சி.டி.க்கள் இருக்கின்றன. 2002-இல் முதல் ஆல்பத்துக்கும், 2004-இல் இரண்டாவதுக்கும், 2006-இல் மூன்றாவதுக்கும், 2008-இல் நான்காவதுக்கும் வந்தன. ஒவ்வொன்றிலும் சிறு தட்டுகளின் பாட்டுகள், வானொலிப் பதிவுகள், ஒதுக்கிய பாட்டுகள் என்று இரண்டு சி.டி. நிறைய இருக்கும். உங்கள் 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' 2008 பதிப்பில் இருக்கிறது. இவை நான்கையும் பழைய சி.டி.யாக வாங்கினால், அந்த ஒற்றைப் பிரிக்காத தட்டுக்குக் கேட்கும் பணத்தில் மிச்சமும் இருக்கும்.

வினைல்தான் வேண்டும் என்கிறீர்கள், சரி. அப்படியானால் பணத்தை எங்கே போட்டால் பயன் என்று சொல்கிறேன். முதல் ஆல்பத்துக்குச் சாதாரண மறுபதிப்பு போதும். அது மேட்டடாரின் பட்டியலில் நிலைத்திருக்கும் ஆல்பம். அச்சில் இல்லாமல் போனாலும் திரும்ப வரும். 2022-இல் முப்பதாம் ஆண்டை ஒட்டியும் மறுபதிப்பு வந்தது. தற்காலிகமாகத் தீர்ந்திருக்கும்போது விலை ஏறுவதைப் பார்த்துப் பயந்து வாங்காதீர்கள். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்து, வெட்டுவதற்கான அரக்குத் தகடுகளுக்கே தட்டுப்பாடு வந்தது. அதையடுத்துத் தொற்றுநோய்க் காலத்தில் அச்சகங்களில் மாதக்கணக்கில் வரிசை நின்றது. அப்போது அவசரப்பட்டுப் பழைய பிரதிகளை இரட்டை விலைக்கு வாங்கியவர்கள், அடுத்த மறுபதிப்பு வந்ததும் வாயடைத்துப்போனார்கள்.

அசலில் மட்டும் கிடைப்பதற்குப் பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1994-இல் வந்த 'குரூக்கட் ரெய்ன், குரூக்கட் ரெய்ன்' ஆல்பத்தின் தொடக்கப் பிரதிகளோடு ஏழு அங்குலத் தட்டு ஒன்று இலவசமாக வந்தது. இன்று விற்பனைக்கு வரும் பல பிரதிகளில் அது இருக்காது. விற்பவர் வாய்திறக்கவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆரம்பகாலச் சிறு தட்டுகளில் 'ஸ்லே டிராக்ஸ்' ஆயிரமே அச்சானது என்பதால் அது வசதி உள்ளவர்களின் விளையாட்டு. தவிர, ஏழு அங்குலத் தட்டையும் மடித்த காகித உறையையும் போலியாகச் செய்வது பெரிய தட்டைப் போலிசெய்வதைவிட எளிது. அந்தப் பாட்டுகள் எல்லாம் 1993-இல் டிராக் சிட்டி வெளியிட்ட 'வெஸ்டிங்' தொகுப்பில் இருக்கின்றன. 'ஸ்லே டிராக்ஸ்' தட்டின் 'பாக்ஸ் எல்டர்' பாட்டைக் கேட்க வேண்டும் என்பதற்காக யாரும் ஏழு அங்குல அசலைத் தேட வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது 1995-இல் வந்த 'வாவி ஜாவி'. 18 பாட்டுகள், 55 நிமிடத்துக்கு மேல். ஒரே தட்டில் அடைத்திருந்தால் பக்கத்துக்கு 28 நிமிடம் வந்து ஒலி சுருங்கியிருக்கும். இரண்டு தட்டாக்கி, மூன்று பக்கங்களில் மட்டும் பாட்டுகளை வைத்து, நான்காம் பக்கத்தை வெறுமையாக விட்டார்கள். பக்கத்துக்குப் பதினெட்டு நிமிடம் சொச்சம், தாராளமாக வெட்டலாம். சி.டி.க்கு இல்லாத ஒன்றை வினைல் தரும் இடம் இது, இரண்டு இடங்களில் எழுந்துபோய்த் திருப்பவோ மாற்றவோ வைக்கிறது. இதைத் தெரியாமல் 'குறைபாடுள்ள தட்டு' என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அதே காரணத்தைச் சொல்லி மலிவாக விற்றவரிடம் நான் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1999-இன் 'டெரர் ட்வைலைட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் வந்த நான்கு தட்டுத் தொகுப்பில், தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் முதலில் விரும்பிய பாட்டு வரிசை இருக்கிறது. ஆர்வமிருந்தால் அதையே வாங்குங்கள்.

புதிய ஆல்பம் பற்றிய செய்திக்கு வருகிறேன். டெரர் ட்வைலைட்தான் இவர்களின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம். அதே ஆண்டு பிரிந்தார்கள். 2010-இலும் 2022-இலும் ஒன்றுசேர்ந்தது மேடைக்காக. ஒவ்வொரு முறையும் 'அடுத்தது ஆல்பம்தான்' என்று பேச்சுக் கிளம்பியது. உங்களுக்கு வந்த செய்தியில் 'ஆரம்பகால உறுப்பினர்கள் அனைவரும்' என்ற சொற்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். கேரி யங் 2023 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். இந்தக் குழுவைப் பொறுத்தவரை வதந்தியில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. அலெக்ஸ் ராஸ் பெர்ரி எடுத்து 2024-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டிய 'பேவ்மென்ட்ஸ்' படம் ஆவணப்படமும் கற்பனையும் கலந்தது. அதற்காகவே இல்லாத ஒரு வாழ்க்கை வரலாற்றுப் படத்தின் காட்சிகளை எடுத்தார்கள், மேடை இசை நாடகம் போட்டார்கள், நியூயார்க்கில் அருங்காட்சியகம்போல் ஒன்றைத் திறந்து உண்மையான நினைவுப் பொருள்களோடு கற்பனைப் பொருள்களையும் வைத்தார்கள். அவற்றின் படங்கள் இன்றும் இணையத்தில் விளக்கமில்லாமல் சுற்றுகின்றன. 'அருங்காட்சியகத்தில் இருந்த அபூர்வ சுவரொட்டி' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், எந்த அபூர்வம் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆல்பம் வருவது உண்மையானால் மேட்டடாரின் சொந்த அறிவிப்பில் பட்டியல் எண்ணோடும் வெளியீட்டு நாளோடும் வரும். அதற்கு முன் வருவதை ரசிகர்களின் ஆசை என்று படியுங்கள், முன்பணம் கட்டாதீர்கள்.

விற்பனையாளருக்கு இன்று நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவே: இது மேட்டடார் பதிப்பா, பிக் கேட் பதிப்பா? பின்னுறையின் அடிப்பகுதியைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்புவீர்களா? பிளாஸ்டிக்கைப் பிரித்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இரு பக்க ரன்-அவுட்டையும் படம் எடுக்கச் சம்மதமா? மூன்றாவதற்கு அவர் மறுப்பார், பிரித்தால் விலை போய்விடும் என்பார். அது நியாயமான பதில்தான். அப்போது, தட்டுகளைப் பதிப்புவாரியாகப் பட்டியலிட்டு விற்க உதவும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்தப் பதிப்பின் பக்கத்தைத் திறந்து, இதுவரை விற்ற விலைகளில் நடுவிலையைப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பிரித்த, நியர் மின்ட் பிரதி விற்ற நடுவிலைக்கு மேல் ஒரு டாலரும் அவருக்குக் கொடுக்காதீர்கள். அந்த விலைக்கு அவர் ஒப்புக்கொண்டால் வாங்குங்கள், வந்ததும் பிளாஸ்டிக்கைக் கிழித்து ரன்-அவுட்டைப் படித்துவிட்டு முதல் பக்கத்தை ஓடவிடுங்கள்.